ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? 1968 ஜெய்ப்பூர் விபத்து வழக்கு: நிகழ்வு ஆய்வு

வேலையில் கை, கால், விரல் துண்டிக்கப்பட்ட தொழிலாளிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களில் எழும்போதெல்லாம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு 1975 டிசம்பர் 4 அன்று வழங்கிய அந்தத் தீர்ப்பு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பான எஸ்சிசியில் (1976) 1 எஸ்சிசி 289 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. நீதிபதி பி. என். சிங்கால் எழுதிய அது சில பக்கங்களுக்கு மேல் போகாது. தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர்கள் அதைக் கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தீர்ப்பு உண்மையில் எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று வரிவரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த வேறுபாட்டில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. வழக்கின் இரு தரப்பினரையும் இந்த ஆய்வில் தச்சர், உரிமையாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

நடந்தது இதுதான். ஒடிசாவின் தென்பகுதியில், கோராபுட் மாவட்டத்தில் ஜெய்ப்பூர் என்றொரு ஊர் இருக்கிறது. ராஜஸ்தான் தலைநகரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் இரண்டு திரையரங்குகளை நடத்திவந்த உரிமையாளரிடம் தச்சர் வேலை செய்தார். 1968 ஜூலை 6 அன்று திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் கீழே விழுந்தார். காயம் கடுமையானதால் இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தம் மாதச் சம்பளம் 120 ரூபாய் என்று பின்னர் அவர் மனுவில் சொன்னார்.

விபத்து நடந்து ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 தேதியிட்ட அறிவிப்பில், தாம் நிரந்தரத் தொழிலாளி என்றும் இழப்பீடு தர வேண்டும் என்றும் தச்சர் கேட்டார். பத்து நாளில் பதில் வந்தது. இவர் நம் ஊழியர் அல்லர், அவ்வப்போது வந்து போகும் ஒப்பந்தக்காரர். விபத்துக்கு முழுக் காரணம் இவருடைய கவனக்குறைவே. இந்த இரண்டே வாதங்கள்தாம் பதிலில் இருந்தன. இன்றும் கட்டடத் தளத்திலோ பட்டறையிலோ கை போன ஒருவருக்கு வரும் பதிலை எடுத்துப் பாருங்கள், வாசகங்கள்கூட அதிகம் மாறியிருக்காது. தச்சர் நேரில் போய்க் கேட்டும் பலன் இல்லை. பிறகுதான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் கீழ் அமைந்த இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்தார்.

கவனக்குறைவு என்ற வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மூன்றாம் பிரிவு விதிவிலக்காக ஏற்பவை மூன்று மட்டுமே: தொழிலாளி போதையில் இருந்தது, பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது. கால் தவறி விழுந்ததும், சாரத்தைச் சரியாகப் பார்க்காமல் ஏறியதும் இந்த மூன்றில் எதிலும் அடங்காது. 1995 திருத்தத்துக்குப் பிறகு, காயம் நிரந்தர முழு ஊனத்தில் முடிந்தால் இந்த மூன்று விதிவிலக்குகளும்கூட முதலாளிக்குக் கைகொடுக்காது. அப்படியிருந்தும் ‘அவன் தப்பு’ என்ற வரி பதிலில் தவறாமல் இடம்பெறுகிறது. சட்டத்தில் நிற்காது என்று தெரிந்தே எழுதப்படும் வரி அது. காயம்பட்டவரின் மனதில் குற்ற உணர்வை ஏற்படுத்திப் பேரத்துக்கு இழுப்பதே அதன் பயன் என்பது என் கருத்து.

பேரமும் நடந்தது. ஆணையருக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று முதலில் ஆட்சேபித்த உரிமையாளர், பின்னர் தச்சரை இணங்கவைத்து, ஒரு தொகைக்குக் கணக்குத் தீர்ந்ததாக உடன்பாட்டுக் குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்ய வைத்தார். தொகை மிகமிகக் குறைவு என்பதால் ஆணையர் அதை நிராகரித்தார். இழப்பீடு பற்றிய உடன்பாடு எதுவானாலும் ஆணையரிடம் பதிவாக வேண்டும், தொகை போதாதென்றோ மோசடியாலும் நெருக்குதலாலும் பெறப்பட்டதென்றோ அவர் கருதினால் பதிவு செய்ய மறுக்கலாம் என்கிறது சட்டத்தின் 28-ஆம் பிரிவு. இந்த வழக்கில் தச்சரைக் காப்பாற்றிய முதல் ஏற்பாடு அதுதான். தச்சர் தாமே கையெழுத்திட்ட காகிதம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. கை போய், வேலை போய், மாதக் கணக்கில் அலைந்த ஒருவர் கிடைத்தது போதும் என்று கையெழுத்திடுவார் என்பதை 1923-இல் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

1969 மே 6 அன்று ஆணையர் உத்தரவிட்டார். இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருக்கிறது; காயம்பட்டவர் தொழிலால் தச்சர்; தச்சு வேலையை ஒரே கையால் செய்ய முடியாது; ஆகவே அவர் வருவாய் ஈட்டும் திறனில் 100 சதவீதத்தை இழந்துவிட்டார் என்பது அவருடைய முடிவு. அதன்படி இழப்பீடு 9,800 ரூபாய். உரிய நேரத்தில் கொடுக்காததற்கு அதில் பாதி, அதாவது 4,900 ரூபாய் அபராதம். ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் சேர்த்து மொத்தம் 15,092 ரூபாய். கழித்துப் பார்த்தால் வட்டி 392 ரூபாய், அதாவது சரியாக எட்டு மாத வட்டி. தச்சரின் சம்பளக் கணக்கில் மொத்தத் தொகை ஏறத்தாழ 126 மாத ஊதியம்.

உரிமையாளர் ஒடிசா உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நீதிப் பேராணை மனு 1969-இலேயே தொடக்க நிலையில் தள்ளுபடியானது. சிறப்பு அனுமதி பெற்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். அங்கே இரண்டு கேள்விகள் எழுந்தன. கை ஒன்று போனதை முழு ஊனம் என்று கொள்ளலாமா? ஆணையர் தீர்மானிப்பதற்கு முன்பே வட்டியும் அபராதமும் எப்படி வரும்?

முதல் கேள்வி: கையை அளப்பதா, தொழிலை அளப்பதா?

சட்டத்தின் முதல் அட்டவணையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது மனித உடலை அங்குலம் அங்குலமாக விலைபோட்டு வைத்திருக்கிறது. முதல் பகுதியில் இருப்பவை முழு ஊனமாகவே கொள்ளப்படும்: இரண்டு கைகளும் போவது, ஒரு கையும் ஒரு பாதமும் போவது, இரண்டு கண் பார்வையும் போவது போன்றவை. இரண்டாம் பகுதி பகுதி ஊனத்துக்கானது. தோள் மூட்டோடு கை போனால் 90 சதவீதம். தோள் எலும்பின் முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குக் குறைவாகக் கை மிஞ்சினால் 80. அந்த அளவிலிருந்து முழங்கை எலும்பின் முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டர் வரையிலான இடத்தில் துண்டிக்கப்பட்டால் 70. மணிக்கட்டோடு கை போனால் 60. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, கட்டை விரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. எலும்பு போகாமல் சுண்டு விரல் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டால் 2. முழு எண்களாக இல்லாத அந்தச் சென்டிமீட்டர் அளவுகள் பழைய எட்டு அங்குலத்தையும் நாலரை அங்குலத்தையும் மாற்றி எழுதியதால் வந்தவை.

இந்த அட்டவணைக்கு வலது கை, இடது கை என்ற வேறுபாடு இல்லை. தையல்காரரின் ஆள்காட்டி விரலும் காவலாளியின் ஆள்காட்டி விரலும் அதற்கு ஒன்றே. தகராறு இல்லாமல் விரைவாகக் கணக்கு முடியட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஜெய்ப்பூர் தச்சரின் கையை அந்த அளவுகோலில் வைத்தால் 70 சதவீதம்தான் வரும், 9,800 ரூபாய் 6,860 ஆகக் குறையும். உரிமையாளர் தரப்பு கேட்டது அதைத்தான்.

நீதிமன்றம் அட்டவணையிலிருந்து தொடங்கவில்லை. சட்டத்தின் வரையறையிலிருந்து தொடங்கியது. விபத்து நேர்ந்த வேளையில் ஒருவர் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைக்கும் அவரைத் தகுதியற்றவராக்கும் ஊனமே முழு ஊனம் என்கிறது 2(1)(எல்) பிரிவு. விபத்து நேரத்தில் இவர் செய்யக்கூடியவராக இருந்தது தச்சு வேலை. அந்த வேலையை நினைத்துப் பார்த்தால் ஆணையரின் முடிவு விளங்கும். இழைப்புளியை இரண்டு கையாலும் பற்றித்தான் தள்ள முடியும். உளியை ஒரு கை நிறுத்திப் பிடித்தால்தான் மறு கை கொட்டாப்புளியால் அடிக்கலாம். ரம்பம் போடும்போது இடது கையும் முழங்காலும் சேர்ந்து பலகையை அசையாமல் அழுத்த வேண்டும். ஆணியின் தலையில் முதல் அடி விழும்வரை அதைப் பிடித்திருக்க இரண்டு விரலாவது வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை துணைக் கைதானே என்று மேசையில் உட்கார்ந்து சொல்லலாம், பட்டறையில் நின்று சொல்ல முடியாது. ஆணையரின் முடிவு நியாயமானது, சரியானது, அதைத் திருத்த வேண்டிய தேவை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். அட்டவணையின் 70 சதவீத இனத்தைக் காட்டி உரிமையாளர் எழுப்பிய வாதத்தை நீதிமன்றம் எப்படித் தள்ளியது? அட்டவணையைவிடத் தொழிலே பெரிது என்று கோட்பாடு வகுத்துத் தள்ளவில்லை. கை குறிப்பிட்ட அந்த அளவுகளுக்கு இடையில்தான் துண்டிக்கப்பட்டது என்று உரிமையாளர் ஆணையர் முன் வாதிடவே இல்லை. ஒப்புக்கொள்ளப்படாத, நிரூபிக்கப்படாத உண்மைகளின் மேல் புதிய வழக்கை இந்தக் கட்டத்தில் கட்ட அனுமதிக்க முடியாது என்று மட்டுமே சொன்னது. தீர்ப்பின் தொடக்கத்தில் கை முழங்கையிலிருந்து துண்டிக்கப்பட்டதாகவும், ஆணையரின் உத்தரவில் முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டதாகவும் இருக்கிறது. தோள்முனையிலிருந்து எத்தனை அங்குலம் மிஞ்சியது என்று யாரும் பதிவு செய்யவில்லை.

ஆக, இந்தத் தீர்ப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, முழு ஊனம் என்பதைத் தொழிலோடு சேர்த்துப் பார்க்கும் வரையறை. மற்றொன்று, எதிர்த்தரப்பு தன் வாதத்தை உரிய இடத்தில் எழுப்பத் தவறியது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அட்டவணைக் காயம் எதுவானாலும் 100 சதவீதம் கேட்கலாம் என்று மனு எழுதுபவர்கள் தீர்ப்பின் பலத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள். இரண்டாம் பகுதியில் உள்ள காயம் ஒவ்வொன்றும் நிரந்தரப் பகுதி ஊனமாகவே கொள்ளப்படும் என்று 2(1)(ஜி) பிரிவு சொல்வதையும், அந்தக் காயங்களுக்கு அட்டவணைச் சதவீதமே என்று 4(1)(சி) பிரிவு சொல்வதையும் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்து வைக்காமல் இருக்கமாட்டார்.

இருந்தாலும் பின்னாளில் உச்ச நீதிமன்றம் முதல் காலைத்தான் மேலும் உறுதியாக்கியது. 2008-இல் ஒரு டேங்கர் லாரி ஓட்டுநரின் வழக்கு வந்தது. அவருடைய கால் முழங்கால் வரை துண்டிக்கப்பட்டிருந்தது. ஆணையர் 100 சதவீதம் கொடுத்ததை உயர் நீதிமன்றம் 65 ஆகக் குறைத்தது. ஒரு கால் இல்லாதவர் இனி லாரி ஓட்ட உரிமம் பெறப்போவதில்லை என்பதைக் கணக்கில் கொண்டு, ஜெய்ப்பூர் தீர்ப்பைச் சுட்டி, உச்ச நீதிமன்றம் 100 சதவீதத்தைத் திரும்பக் கொடுத்தது. 2010-இலும் ஓட்டுநர் ஒருவருக்கு இதே வழியில் தீர்ப்பு வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்து, அதே 2010-இல் தீர்ப்பான வழக்கு ஒன்றில் நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் இதை இன்னும் தெளிவாக்கினார். இடது கை துண்டிக்கப்பட்டவரின் உடல் ஊனம் 60 சதவீதம் என்று மருத்துவர் மதிப்பிடலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருவாய் இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். தச்சர் அங்கே வெறும் உதாரணமாக வருகிறார், ஆனால் எங்கிருந்து வந்த தச்சர் என்பது ஊகிக்கக்கூடியதே.

இந்த வழக்குகளில் வென்றவர்கள் எல்லாருமே இரண்டு கையோ இரண்டு காலோ இன்றி ஒரு நிமிடமும் நடக்காத தொழிலைச் செய்தவர்கள். விசைப்பொறி அழுத்தியில் (பவர் பிரஸ்) இரண்டு விரல் போன தொழிலாளிக்கு அதே வாதம் அவ்வளவு எளிதாகச் செல்லாது. அவருக்கு அட்டவணை 20 சதவீதம் தருகிறது. அதற்கு மேல் கேட்க வேண்டுமானால், அவர் நாள்தோறும் செய்த வேலை எது, அதில் எந்த அசைவுக்கு அந்த விரல்கள் தேவைப்பட்டன, அந்த வேலைக்கு அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா என்பதையெல்லாம் உடன் வேலை செய்தவரின் சாட்சியத்தாலும் மருத்துவரின் வாக்குமூலத்தாலும் ஆணையர் முன்பே நிறுவியாக வேண்டும். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சட்டப் பிரச்சினையை மட்டுமே பார்க்கும். உண்மை விவரங்களைச் சேர்க்க ஆணையரின் விசாரணையே கிட்டத்தட்ட ஒரே வாய்ப்பு. ஜெய்ப்பூர் வழக்கில் உரிமையாளர் கோட்டைவிட்டதும் அந்த இடத்தில்தான். அதே தவறைத் தொழிலாளி செய்தால் அதே விலைதான்.

இரண்டாம் கேள்வி: கடன் எந்த நாளில் பிறக்கிறது?

உரிமையாளரின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே படும். தகராறு இருக்கும்போது பொறுப்பையும் தொகையையும் 19-ஆம் பிரிவின்படி ஆணையர் தீர்மானிக்கிறார். அவர் தீர்மானிக்கும் வரை கொடுக்க வேண்டிய தொகை என்று எதுவும் இல்லை. இல்லாத கடனுக்குத் தாமதம் ஏது, அபராதம் ஏது?

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வேலையின்போது வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்ட உடனேயே மூன்றாம் பிரிவின் பொறுப்பு வந்துவிடுகிறது. 19-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை நிறுத்தி வைப்பதில்லை. 4ஏ பிரிவின்படி இழப்பீட்டை உரிய நேரத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. தொகையில் தகராறு இருந்தால், தாம் ஏற்கும் அளவையாவது முன்தொகையாகக் கொடுத்திருக்க வேண்டும். இவர் அதையும் செய்யவில்லை. ஒப்பந்தக்காரர் என்றும் கவனக்குறைவு என்றும் பொய்யான வாதங்களை எடுத்தார், நேரில் வந்து கேட்டதைப் பொருட்படுத்தவில்லை, அதிகாரமில்லை என்று அற்பமான ஆட்சேபம் எழுப்பினார், குறைந்த தொகைக்கு உடன்பாடு எழுத வைத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, வட்டியும் அபராதமும் முற்றிலும் சரி என்றது. மேல்முறையீடு தள்ளுபடியானது. விழுந்த நாளிலிருந்து ஏழு ஆண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் இந்தப் பகுதி இடையில் மறக்கப்பட்டது. 1999-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, விபத்து நாளில் நடப்பில் இருந்த இழப்பீட்டு விகிதமே பொருந்தும் என்று ஜெய்ப்பூர் தீர்ப்பின் வழியே சொன்னது. ஆனால் 2007-இல் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று, ஆணையர் தீர்மானித்த நாளிலிருந்தே வட்டி என்று தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பற்றிக்கொண்டன. 2012-இல் ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டில்தான் இது சரிசெய்யப்பட்டது: நான்கு நீதிபதிகளும் மூன்று நீதிபதிகளும் வகுத்ததை இரு நீதிபதிகள் மாற்ற முடியாது, கடன் விபத்து நாளில் பிறக்கிறது.

பணக் கணக்கில் இது என்ன வேறுபாடு தரும் என்று பார்ப்போம். 2009 திருத்தத்துக்குப் பின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறிய இதே சட்டத்தில், நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தின் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்குப் பின் இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் கையிழந்த, 18,000 ரூபாய் சம்பளம் வாங்கிய 30 வயதுத் தச்சர் ஒருவரை எடுத்துக்கொண்டால், 15,000-இல் 60 சதவீதமான 9,000 ரூபாயை 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய் வரும். அட்டவணைப்படி 70 சதவீதம் மட்டும் என்றால் 13,10,274 ரூபாய். தொழிலை அளப்பதற்கும் கையை அளப்பதற்கும் இடையே 5,61,546 ரூபாய் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதமாக இருந்தது. முழுத் தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். வழக்கு மூன்று நான்கு ஆண்டு இழுத்தால், எந்த நாளிலிருந்து வட்டி என்பது எத்தனை சதவீத ஊனம் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிடும். அபராதம் இன்றும் 50 சதவீதம் வரைதான். வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும், அபராதம் முதலாளியின் சொந்தத் தலையில்தான் விழும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. காப்பீடு இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கும் முதலாளிகளுக்குப் பெரும்பாலும் இந்த விவரம் தெரிவதில்லை.

காயம்பட்டவர் ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பெற்றவராக இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்ய முடியாது. அங்கே மருத்துவக் குழு சதவீதத்தை முடிவு செய்து மாதாந்திரத் தொகையாக வழங்கும். அது தனிக் கதை. ஈஎஸ்ஐ இல்லாதவர்கள், தமிழ்நாட்டில் என்றால் தொழிலாளர் துணை ஆணையரிடம், விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து 1923 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆணையர் என்ற பெயர் போய்த் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பெயர் வந்திருக்கிறது. முழு ஊனத்துக்கான வரையறையில், விபத்து நேர்ந்த வேளையில் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைக்கும் என்ற பழைய வாசகம் தொடர்கிறது. அந்த வாசகத்தின் மேல் எழுந்த 1975 தீர்ப்பு புதிய தொகுப்பின் கீழும் மேற்கோள் காட்டப்படும். அப்போது எதிர்த்தரப்பு அட்டவணையின் சென்டிமீட்டர் அளவுகளை முதல் பதில்மனுவிலேயே எழுதி வைத்திருக்கும் என்று எதிர்பார்த்தே மனு தயாராக வேண்டும்.